வயித்துக்குள்ள கிளாஸ்ட்ரிடியா: விரட்டணுமா, வெச்சுக்கணுமா?

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சில இடங்களில் சுருக்கியும் திருத்தியும் இருக்கிறோம்.)

போன எபிசோடுக்கு அப்புறம் வந்த வாய்ஸ் நோட்டுகள்ல ஒண்ணு ரெண்டு நாளா என் மண்டைக்குள்ளயே ஓடிக்கிட்டு இருந்தது. அனுப்பினவங்க பேர் வேண்டாம். வயசு 26, ஐ.டி. வேலை. ஆறு மாசமா வயிறு உப்புசம். ஆன்லைன்ல குடல் பாக்டீரியா டெஸ்ட் கிட் ஒண்ணு வாங்கி, சாம்பிள் அனுப்பி, ரிப்போர்ட்டும் வந்திருக்கு. அதுல "கிளாஸ்ட்ரிடியா"ங்கிற பேருக்குப் பக்கத்துல பெரிய சதவீதம். கூகுள்ல தேடினா ரண ஜன்னி, விஷ உணவு, அழுகும் காயம்னு வரிசையா வருது. கடைசியில அவங்க கேட்டது இதுதான்: "மெடிக்கல்ல ஒரு ஆன்டிபயாட்டிக் கோர்ஸ் வாங்கிப் போட்டு இதை மொத்தமா காலி பண்ணிடலாமா?"

அவங்களுக்கு அன்னிக்கே பதில் போட்டுட்டேன்: தயவுசெஞ்சு வேண்டாம். ஏன் வேண்டாம்ங்கிறதுதான் இன்னிக்கு எபிசோட். அந்த ஒரு கேள்விக்குப் பதில் சொல்லணும்னா 1889-ல ஒரு ஜப்பான்காரர் செஞ்ச தந்திரத்துல ஆரம்பிச்சு, கல்யாண வீட்டு பிரியாணி அண்டா வரைக்கும் போய்ட்டு வரணும்.

முதல்ல பேர். கிளாஸ்ட்ரிடியா ஒரே ஒரு கிருமியோட பேர் இல்லை, ஒரு பெரிய வகுப்பு. "பாலூட்டிகள்"னு சொல்றோமே, அந்த அளவுக்கு. பாலூட்டின்னா புலியும் பாலூட்டி, பசுவும் பாலூட்டி, நாமளும் பாலூட்டி. "உங்க தெருவுல பாலூட்டிகள் அதிகமா இருக்கு"ன்னு ஒரு ரிப்போர்ட் வந்தா, புலி வந்துடுச்சுன்னு கதவைச் சாத்துவீங்களா? அவங்க கையில இருந்த ரிப்போர்ட் கிட்டத்தட்ட அந்த மாதிரிதான். ஆரோக்கியமா இருக்கிற யாரோட பெருங்குடலை எடுத்துப் பார்த்தாலும் இந்த வகுப்பைச் சேர்ந்த பாக்டீரியா ஏராளமா இருக்கும். அதைச் சிவப்பு நிறத்துல அச்சடிச்சு அனுப்பினவங்க மேல எனக்குக் கொஞ்சம் கோபம்கூட உண்டு.

அதே நேரம், புலியும் இந்தக் குடும்பத்துலதான் இருக்கு. அதையும் மறைக்கப் போறதில்லை.

சாகாத விதை

இந்தக் குடும்பத்தை ரெண்டு குணத்தை வெச்சுப் புரிஞ்சுக்கலாம். ஒண்ணு, ஆக்சிஜன் ஆகாது. நமக்கு உயிர் கொடுக்கிற அதே வாயு இவங்களுக்கு விஷம். ஆக்சிஜன் செல்லுக்குள்ள போனா சில மோசமான வேதிப்பொருட்கள் உருவாகும். அதைச் சமாளிக்கிற நொதிகள் நம்மகிட்ட இருக்கு, இவங்கள்ல பெரும்பாலானவங்ககிட்ட போதுமான அளவு இல்லை. இதைக் குறைன்னு நினைக்க வேண்டாம். பூமியோட காத்துல ஆக்சிஜன் சேர ஆரம்பிச்சதே ஏறக்குறைய 240 கோடி வருஷத்துக்கு முன்னாடிதான். அதுக்கு முன்னாடி எல்லா உயிரும் ஆக்சிஜன் இல்லாமத்தான் வாழ்ந்தது. பழைய ஊர்க்காரங்க இவங்கதான், நாமதான் பின்னாடி குடிவந்தவங்க.

இன்னொரு குணம், ஸ்போர். இந்தக் குடும்பத்துல பலருக்கு இது உண்டு. சூழ்நிலை சரியில்லைன்னு தெரிஞ்சா, தன்னோட டி.என்.ஏ.வை ஒரு நகல் எடுத்து, தண்ணியை வெளியேத்தி, சுத்தி அடுக்கடுக்கா கவசம் போட்டு, விதை மாதிரி ஆயிடும். மிச்ச உடம்பு கரைஞ்சு போயிடும். அந்த விதை சாப்பிடாது, வளராது, மூச்சு விடாது. வெயில்ல காயும், மண்ணுல கிடக்கும், தண்ணி கொதிச்சாலும் தாங்கும். வருஷக்கணக்கா காத்திருக்கும். ஈரமும் சத்தும் ஆக்சிஜன் இல்லாத இடமும் கிடைச்சதும் முழிச்சுக்கும்.

நான் மைக்ரோபயாலஜி படிச்சப்ப இதை மைக்ரோஸ்கோப்புல பார்க்க வெச்சாங்க. டெட்டனஸ் பாக்டீரியா "டிரம்ஸ்டிக்" வடிவத்துல இருக்கும்னு புத்தகத்துல போட்டிருக்கும். எங்க வகுப்புல ஒருத்தன் ரெக்கார்டு நோட்டுல அழகா ஒரு முருங்கைக்காய் வரைஞ்சு வெச்சான். புத்தகம் சொன்னது மேளம் அடிக்கிற குச்சியை. குச்சி பாக்டீரியா, நுனியில இருக்கிற குண்டு ஸ்போர்.

இப்ப அந்த ஜப்பான்காரர். பேர் கிட்டாசாட்டோ ஷிபாசாபுரோ, பெர்லினில் ராபர்ட் காஹ்கின் ஆய்வகத்தில் வேலை பார்த்தவர். ரண ஜன்னி மண்ணுல இருந்து வருதுன்னு 1884-லயே ஆர்தர் நிக்கோலயர் காட்டியிருந்தார். ஆனா அந்தக் கிருமியைத் தனியா பிரிக்க யாராலயும் முடியல. காயத்துச் சீழ்ல ஆயிரம் கிருமி கலந்து கிடக்கும். கிட்டாசாட்டோ என்ன செஞ்சார்னா, மொத்தக் கலவையையும் 80 டிகிரிக்குச் சூடாக்கினார். மத்ததெல்லாம் செத்துப் போச்சு. ஸ்போர் மட்டும் மிஞ்சியது. அதை ஹைட்ரஜன் வாயு நிரப்பிய பாத்திரத்தில் வளர்த்தார். 1889-ல் டெட்டனஸ் கிருமி முதல்முறையாகத் தனியாகக் கிடைத்தது.

"எல்லாத்தையும் சாகடி, எது மிஞ்சுதோ அதை எடு." இந்தத் தந்திரத்தை ஞாபகம் வெச்சுக்கோங்க. நூறு வருஷம் தாண்டி இன்னும் ரெண்டு தடவை வரும்.

துருவுக்கும் ஜன்னிக்கும் சம்பந்தம் இல்லை

ஆணி குத்துச்சுன்னா வீட்டுல முதல் கேள்வி: "துருப்பிடிச்ச ஆணியா?" துருவுல ஒண்ணும் இல்லைங்க. புது ஸ்டீல் ஆணி மண்ணுல கிடந்தாலும் அதே ஆபத்துதான். மண்ணுல, சாணத்துல, தெருப் புழுதியில டெட்டனஸ் ஸ்போர் இருக்கும். ஆணி செய்யறது ரெண்டே வேலை: அதை உள்ளே ஆழமா கொண்டுபோகும், வாய் சின்னதா இருக்கிற காயத்தை உண்டாக்கும். அந்த ஆழத்துல ரத்த ஓட்டம் கெட்டு, ஆக்சிஜன் இல்லாத ஒரு சின்ன அறை உருவாகும். ஸ்போர் முழிச்சுக்க அது போதும். அகலமா சிராய்ச்சு ரத்தம் நல்லா வர்ற காயம் பார்க்கப் பயமா இருக்கும், ஆனா இந்த விஷயத்துல அந்தச் சின்ன ஓட்டைதான் மோசம்.

கிருமி காயத்தை விட்டு எங்கயும் போறதில்லை. அங்கேயே உட்கார்ந்து ஒரு நச்சை விடும். அந்த நச்சு பக்கத்துல இருக்கிற நரம்பு நுனியில ஏறி, நரம்புக்குள்ளயே பயணம் செஞ்சு தண்டுவடத்துக்குப் போகும். நம்ம தசைகளுக்கு ஆக்சிலரேட்டரும் உண்டு, பிரேக்கும் உண்டு. கையை மடக்கும்போது எதிர்ப்பக்கத் தசை தளரணும், அந்த "தளரு"ங்கிற கட்டளைதான் பிரேக். டெட்டனஸ் நச்சு இந்த பிரேக்கை மட்டும் அறுத்துடும். உடம்புல எல்லாத் தசையும் ஒரே நேரத்துல இழுக்கும். தாடை பூட்டிக்கும், முதுகு வில்லா வளையும், ஒரு கதவுச் சத்தம்கூட இழுப்பை உண்டாக்கும். நினைவு மட்டும் தெளிவா இருக்கும். படிக்கிறப்பவே எனக்குப் பிடிக்காத பக்கம் இதுதான்.

இன்னொரு விசித்திரம். ஒரு தடவை ரண ஜன்னி வந்து பிழைச்சவங்களுக்கும் அதுக்கு எதிர்ப்பு சக்தி வர்றதில்லை. ஆளைக் கொல்ற அளவு நச்சுகூட, உடம்போட எதிர்ப்பு மண்டலம் கவனிக்கிற அளவுக்கு வராது. அவ்வளவு கொஞ்சம். அதனால பிழைச்சவங்களும் தடுப்பூசி போட்டே ஆகணும்.

நம்ம ஊர்ல டி.டி. ஊசின்னு சொல்றது இதுக்குத்தான். குழந்தையா இருக்கும்போது ஆரம்பிச்சு 10 வயசு, 16 வயசு வரைக்கும் அரசு அட்டவணையில இருக்கு. அதுக்கப்புறம் நம்மள்ல பல பேர் மறந்துடுறோம். பெரியவங்களுக்கு 10 வருஷத்துக்கு ஒரு பூஸ்டர். அழுக்கான, ஆழமான காயம்னா, கடைசி ஊசி போட்டு 5 வருஷம் தாண்டியிருந்தாலே திரும்பப் போடுவாங்க. கையைக் கீறின ஒவ்வொரு தடவையும் போட வேண்டியதில்லை. கடைசியா எப்ப போட்டோம்னு போன்ல குறிச்சு வெச்சுக்கோங்க, கேஷுவாலிட்டியில அதைத்தான் கேப்பாங்க.

ஒரு நல்ல செய்தியும் இருக்கு. தொப்புள்கொடியை அழுக்கு பிளேடால அறுத்து, அதுமேல சாணம் சாம்பல்னு தடவின காலத்துல, பிறந்து ஒரு வாரத்துக்குள்ள ஜன்னி வந்து செத்த குழந்தைகள் இந்தியாவுல ஏராளம். கர்ப்பிணிகளுக்குத் தடுப்பூசி, ஆஸ்பத்திரிப் பிரசவம், இந்த ரெண்டாலயும் 2015-ல் இந்தியா தாய்–சேய் டெட்டனஸை ஒழித்த நாடாக அறிவிக்கப்பட்டது. "ஒழித்த"ன்னா பூஜ்ஜியம் இல்லை. ஒவ்வொரு மாவட்டத்திலும், உயிரோடு பிறக்கும் 1,000 குழந்தைகளில் ஒன்றுக்கும் குறைவு என்பது கணக்கு. பெரியம்மை மாதிரி துடைச்சு எடுக்க முடியாது. மண்ணுக்குத் தடுப்பூசி போட முடியாதே.

ஒரே கத்தரிக்கோல்

குடும்பத்துல அடுத்த புலி, பொட்டுலினம். 1820-கள்ல தெற்கு ஜெர்மனியில், யுஸ்டினுஸ் கெர்னர் என்ற மருத்துவர் (கவிஞரும்கூட) கெட்டுப்போன தொத்திறைச்சி சாப்பிட்டுச் செத்தவங்களைப் பத்தி ஆராய்ச்சி செஞ்சார். தொத்திறைச்சிக்கு லத்தீன்ல "பொட்டுலுஸ்", பேர் அங்கேருந்து வந்தது. மனுஷன் அந்த விஷத்தைத் தன் மேலயே சோதிச்சுப் பார்த்தார். அதோட, அளவு குறைச்சா இது ஒருநாள் மருந்தாகலாம்னும் எழுதி வெச்சார். கிருமி கிடைச்சது ரொம்பப் பின்னாடி. 1895 டிசம்பரில் பெல்ஜியத்தின் எல்லெசெல் கிராமத்தில், ஒரு இறுதிச் சடங்குக்கு வாசிக்க வந்த இசைக்குழு உப்பிட்ட பன்றி இறைச்சி சாப்பிட்டது. 3 பேர் இறந்தார்கள். அந்த இறைச்சியிலிருந்துதான் எமில் வான் எர்மெங்கெம் இந்தக் கிருமியைப் பிரித்தார்.

அறிகுறி ரண ஜன்னிக்கு நேர் எதிர். தசை விறைக்காது, தொய்ஞ்சு போகும். இமை தொங்கும், எல்லாம் ரெண்டா தெரியும், விழுங்க முடியாது, கடைசியில மூச்சு விடற தசையும் நின்னுடும்.

எனக்கு இந்த முழு விஷயத்துலயும் ரொம்பப் பிடிச்ச உண்மை இங்கதான் இருக்கு. நரம்பு தன் செய்தியை வெளியே கொட்டணும்னா சில புரதங்கள் கொக்கி மாதிரி மாட்டிக்கணும். டெட்டனஸ் நச்சு அதுல ஒரு புரதத்தை வெட்டும். பொட்டுலினம் 'பி' வகை நச்சும் அதே புரதத்தை, அதே இடத்துல வெட்டும். 1992-ல் இதைக் கண்டுபிடிச்சாங்க. ஒரே கத்தரிக்கோல், ஒரே நூல். அப்புறம் ஏன் ஒண்ணு விறைக்குது, ஒண்ணு தொய்யுது? வெட்டுற இடம் வேற. டெட்டனஸ் தண்டுவடம் வரைக்கும் ஏறிப் போய் பிரேக் நரம்பை வெட்டுது. பொட்டுலினம் தசை ஓரத்துலயே நின்னு ஆக்சிலரேட்டர் நரம்பை வெட்டுது. நச்சுல பெரிய வித்தியாசம் இல்லை, முகவரிதான் வித்தியாசம்.

கெர்னர் சொன்னதும் பலிச்சது. சான் ஃபிரான்சிஸ்கோவில் ஆலன் ஸ்காட் என்ற கண் மருத்துவர், மாறுகண்ணைச் சரிசெய்ய இந்த நச்சை மிகச் சிறிய அளவில் பயன்படுத்தினார். 1989-ல் அமெரிக்காவில் அதற்கு அனுமதி கிடைத்தது. நெத்திச் சுருக்கத்துக்கு அனுமதி வந்தது 2002-ல்தான். ஆமாங்க, போடாக்ஸ். இன்ஸ்டாவுல அத்தனை பேர் நெத்தியில இருக்கிறது அந்தத் தொத்திறைச்சி விஷம்தான்.

நம்ம வீட்டுக்கு இது எங்க வருதுன்னா, தேன்ல. தேன்ல பொட்டுலினம் ஸ்போர் இருக்க வாய்ப்பு உண்டு. நீங்களும் நானும் சாப்பிட்டா ஒண்ணும் ஆகாது, நம்ம குடல்ல ஏற்கெனவே கூட்டம் நிறைஞ்சிருக்கு, முழிச்சு வளர இடமே கிடைக்காது. ஒரு வயசுக்குள்ள இருக்கிற குழந்தையோட குடல் இன்னும் காலி மனை. அங்கே ஸ்போர் முழிச்சு, உள்ளேயே நச்சு சுரக்கும். இப்படி ஒரு நோய் இருக்குன்னு 1976-ல், கலிஃபோர்னியாவில்தான் முதன்முதலாகப் புரிஞ்சுக்கிட்டாங்க. முதல்ல மலச்சிக்கல், அப்புறம் பால் இழுத்துக் குடிக்க முடியாம போறது, அழுகை சன்னமாகிறது, தலை நிக்காம தொங்கறது.

நம்ம ஊர்ல பிறந்த குழந்தைக்குச் சேனை வைக்கிற பழக்கம் இருக்கு. யார் வைக்கிறாங்களோ அவங்க குணம் குழந்தைக்கு வரும்னு சொல்லி, குடும்பத்துல ஒரு பெரியவரைக் கூப்பிட்டு நாக்குல சர்க்கரைத் தண்ணியோ தேனோ தொட்டு வைப்பாங்க. அந்த ஆசையை நான் கிண்டல் பண்ணல. ஆனா ஒரு வயசு ஆகிறவரைக்கும் தேன் ஒரு சொட்டுகூடக் கூடாது. காய்ச்சினாலும் கூடாது, ஸ்போர் கொதிநிலையைத் தாங்கும். அதுவும் இல்லாம முதல் ஆறு மாசம் தாய்ப்பாலைத் தவிர வேற எதுவும் தேவையில்லை. பாட்டிகிட்ட சண்டை போடாம சொல்றதுக்கு ஒரு வழி: "ஒரு வயசு ஆகட்டும் பாட்டி, நீங்களே வைங்க."

அண்டாவுக்குள்ள நடக்கறது

மூணாவது ஆள் பெர்ஃப்ரிஞ்ஜென்ஸ். போர்க்களத்துல இவன்தான் காயத்தை வாயு கட்டி அழுக வெச்சவன், முதல் உலகப் போர்ல கால் கால்களா வெட்டினதுக்குப் பெரிய காரணம். இன்னிக்கு நமக்கு இவனைத் தெரியறது பந்திச் சாப்பாட்டுல.

பெரிய அண்டாவுல மட்டன் கொதிக்குது. கிருமி எல்லாம் சாகுது, ஸ்போர் சாகல. கொதிச்சதுல குழம்புக்குள்ள கரைஞ்சிருந்த ஆக்சிஜனும் வெளியேறிடுச்சு. கூட்டாளிகளும் இல்லை, போட்டியும் இல்லை. போதாக்குறைக்கு, அந்தச் சூடே சில ஸ்போருக்கு எழுப்பி விடற அலாரம். இப்ப அடுப்பை அணைச்சு, மூடி வெச்சு, "ராத்திரி ஆறட்டும், காலையில ஃபிரிட்ஜ்ல வெச்சுக்கலாம்"னு தூங்கப் போறோம். அண்டா நடுவுல பல மணி நேரத்துக்கு இதமான வெதுவெதுப்பு. இந்தக் கிருமிக்கு ரொம்பப் பிடிச்ச சூடு 43–45 டிகிரி, அதுல ஏறக்குறைய 10 நிமிஷத்துக்கு ஒரு தடவை இரட்டிப்பாகும். கணக்குப் போட்டுப் பாருங்க. ஒண்ணு ஒரு மணி நேரத்துல 64. மூணு மணி நேரத்துல ரெண்டரை லட்சத்துக்கு மேல.

அடுத்த நாள் லேசா சூடு பண்ணிச் சாப்பிட்டா, 6-லிருந்து 24 மணி நேரத்துக்குள்ள வயித்துப் பிடிப்பும் பேதியும். பெரும்பாலும் ஒரே நாள்ல சரியாயிடும். "பிரியாணியில ஏதோ கலந்துட்டான்"னு கடைக்காரரைத் திட்டுவோம். கலந்தது பெரும்பாலும் நேரம்தான். மிஞ்சினதை அண்டாவோட விடாம, அகலமான சின்னப் பாத்திரங்கள்ல பிரிச்சு ரெண்டு மணி நேரத்துக்குள்ள ஃபிரிட்ஜுக்குள்ள வைங்க. திரும்ப எடுக்கும்போது வெதுவெதுப்பா இல்லாம, ஆவி பறக்கச் சூடு பண்ணுங்க.

காவல்காரனை வேலையை விட்டுத் தூக்கினா

இப்பதான் அந்த வாய்ஸ் நோட் கேள்விக்கு வர்றேன்.

நாலாவது ஆள் பேர் டிஃபிசில். 1935-ல் ஹாலும் ஓ'டூலும் பிறந்த குழந்தைகளின் மலத்திலிருந்து இதைப் பிரித்தார்கள். வளர்க்கப் படாதபாடு பட்டதால "கஷ்டமானது"ன்னே பேர் வெச்சாங்க. அந்தக் குழந்தைகள் நல்லாத்தான் இருந்தாங்க. அதனால நாப்பது வருஷத்துக்கு மேல இதை யாரும் பெருசா கண்டுக்கல. 1970-கள்ல ஆன்டிபயாட்டிக், குறிப்பா கிளின்டமைசின், சாப்பிட்ட சிலருக்குக் கடுமையான பேதி வந்து பெருங்குடல் புண்ணாகறதைப் பார்த்தாங்க. 1978-ல் காரணம் புரிஞ்சது: டிஃபிசில்.

மருந்து கிருமியை உண்டாக்கறதில்லை. ஸ்போர் நம்ம வாய் வழியா எப்ப வேணா உள்ளே வரலாம், பெரும்பாலும் சும்மா வெளியே போயிடும். ஏன்? இதுக்குப் பதில் பித்த நீர்ல இருக்கு. கல்லீரல் சுரக்கிற பித்த அமிலம்தான் ஸ்போரை எழுப்பற அலாரம். பெருங்குடல்ல இருக்கிற சில பாக்டீரியா அந்த அமிலத்தை வேற வடிவத்துக்கு மாத்திடும். மாறின வடிவத்துல டிஃபிசிலால வளர முடியாது. 2015-ல், இந்த மாத்தற வேலையைச் செய்யற முக்கியமான ஆள் யாருன்னு 'நேச்சர்' இதழில் ஒரு ஆய்வு வந்தது. அவர் பேர் கிளாஸ்ட்ரிடியம் சிண்டென்ஸ்.

கவனிச்சீங்களா? கிளாஸ்ட்ரிடியம். டிஃபிசிலோட சொந்தக்காரர். அவர்தான் வாசல்ல நின்னு காவல் காக்கிறார்.

ஆன்டிபயாட்டிக் போட்டா இந்தக் காவல்காரங்க கும்பலா சாவாங்க. டிஃபிசில் ஸ்போர் சாகாது, ஸ்போரை எந்த ஆன்டிபயாட்டிக்கும் தொடாது. கோர்ஸ் முடியும்போது உள்ளே காலி மனை, அலாரம் அடிச்சுக்கிட்டே இருக்கு, தடுக்க ஆள் இல்லை. மருந்து சாப்பிடும்போதும், நிறுத்தி ரெண்டு மூணு மாசம் வரைக்கும்கூட இந்த ஆபத்து உண்டு. 65 வயசுக்கு மேல, ஆஸ்பத்திரியில தங்கினவங்களுக்கு அதிகம். ஆனா சின்ன வயசுக்காரங்களுக்கு வராதுன்னு இல்லை. இன்னொரு விஷயம், ஹேண்ட் சானிடைசர் இந்த ஸ்போரைக் கொல்லாது. நோயாளியைப் பார்த்துட்டு வந்தா சோப்பு போட்டுத் தண்ணியில கழுவணும்.

சும்மா சளிக்கு, அதாவது வைரஸுக்கு, மெடிக்கல்ல கேட்டு வாங்கிப் போடற அந்த அஞ்சு மாத்திரை சளியை ஒண்ணும் செய்யாது. செய்யற வேலையெல்லாம் கீழே, குடல்ல. அட்டையில சிவப்புக் கோடு இருந்தா டாக்டர் சீட்டு இல்லாம விற்கக் கூடாதுன்னு அர்த்தம். அந்தக் கோட்டைப் பார்த்துட்டும் கொடுக்கிற கடையும், கேக்கிற நாமும் ஊருக்கு ஊர் இருக்கோம்.

வெண்ணெய் அமிலம்

காவல் மட்டும் இல்லை, சமையலும் அவங்கதான். நம்ம குடலால செரிக்க முடியாத நார்ச்சத்து பெருங்குடலுக்கு அப்படியே போகும். அதை அங்கே கிளாஸ்ட்ரிடியா வகுப்பைச் சேர்ந்த ரோஸ்புரியா, ஃபீகாலிபாக்டீரியம் போன்றவை புளிக்க வெச்சு பியூட்டிரேட்ங்கிற பொருளைச் செய்யும். வெண்ணெயில முதல்ல கண்டுபிடிச்சதால வெண்ணெயோட லத்தீன் பேரையே அதுக்கு வெச்சாங்க. பெருங்குடல் சுவர்ல இருக்கிற செல்களுக்கு முக்கியமான சாப்பாடே இந்த பியூட்டிரேட்தான். ரத்தம் கொண்டுவர்ற சர்க்கரையைவிட இதைத்தான் அது விரும்பிச் சாப்பிடும். அதை எரிக்க ஆக்சிஜனைச் செலவழிக்கும். அதனால குடலுக்குள்ள ஆக்சிஜன் கசியாது. உள்ளே ஆக்சிஜன் ஆகாதவங்க நிம்மதியா இருப்பாங்க, திரும்ப பியூட்டிரேட் செய்வாங்க. கொடுக்கல் வாங்கல் எவ்வளவு கச்சிதம் பாருங்க.

இங்கதான் கிட்டாசாட்டோ தந்திரம் ரெண்டாவது தடவை வருது. ஜப்பானில் கென்யா ஹோண்டாவின் குழு, உடம்போட எதிர்ப்பு மண்டலத்தை அமைதிப்படுத்தற செல்களை எந்த பாக்டீரியா வளர்க்குதுன்னு தேடினாங்க. ஆரோக்கியமான மனிதரின் மலத்தை குளோரோஃபார்மில் போட்டார்கள். ஸ்போர் மட்டும் மிஞ்சியது. அதிலிருந்து கிளாஸ்ட்ரிடியா வகுப்பைச் சேர்ந்த 17 வகைகளைப் பிரித்து, கிருமியே இல்லாத எலிகளுக்குக் கொடுத்தபோது அந்த அமைதிப்படுத்தும் செல்கள் பெருகின. இது 2013-ல் வெளிவந்தது. ரண ஜன்னிக் கிருமியோட சொந்தக்காரங்க, நம்ம உடம்பு தன்னைத்தானே தாக்காம இருக்கப் பாடம் எடுக்கிறாங்க.

அதே 2013-ல் நெதர்லாந்து மருத்துவர்கள் இன்னொண்ணு செஞ்சாங்க. டிஃபிசில் தொற்று திரும்பத் திரும்ப வந்தவங்களுக்கு, ஆரோக்கியமானவங்க மலத்தைக் கரைச்சு, வடிகட்டி, மூக்கு வழியா குழாய் விட்டுக் குடலுக்குள்ள செலுத்தினாங்க. முகம் சுளிக்காதீங்க. 16 பேர்ல 13 பேர் ஒரே தடவையில குணமானாங்க. வேன்கோமைசின் மருந்து மட்டும் எடுத்தவங்கள்ல 13 பேர்ல 4 பேர்தான். வித்தியாசம் அவ்வளவு பெருசா இருந்ததால ஆய்வையே பாதியில நிறுத்திட்டாங்க.

மூணாவது தடவை 2023-ல். மலத்தை எத்தனால்ல, அதாவது சாராயத்துல ஊற வெச்சா மத்த கிருமி சாகும், ஸ்போர் மிஞ்சும். அந்த ஸ்போரைச் சுத்தம் செஞ்சு கேப்சூல்ல அடைச்சு, டிஃபிசில் திரும்ப வராம தடுக்கற மருந்தா அமெரிக்காவில் அனுமதிச்சாங்க. சோதனையில, 8 வாரத்துக்குள்ள நோய் திரும்பியவங்க கேப்சூல் சாப்பிட்டவங்கள்ல சுமார் 12 சதவீதம், வெத்து மாத்திரை சாப்பிட்டவங்கள்ல சுமார் 40 சதவீதம். சானிடைசரைத் தாங்குதேன்னு பயந்தோமே, அதே குணம்தான் இங்கே மருந்தைத் தயாரிக்க உதவுது.

வாய்ஸ் நோட்டுக்குப் பதில்

அப்ப உப்புசத்துக்கு என்ன பண்றது? ரிப்போர்ட்டை ஓரமா வெச்சுட்டு, வயிறு பார்க்கிற டாக்டர்கிட்ட போங்க. ஆறு மாச உப்புசத்துக்குப் பால் ஒத்துக்காததுல இருந்து ஆரம்பிச்சு நிறைய காரணம் இருக்கு. அந்த சதவீதம் அதுல எதையும் சொல்லாது. எடை குறையறது, ரத்தம் போறது, ராத்திரி தூக்கத்துல எழுப்பற பேதி இருந்தா தள்ளிப் போடாதீங்க.

"தயிர் சாப்பிட்டா இந்த நல்ல கிளாஸ்ட்ரிடியா வருமா?"ன்னு இன்னும் ரெண்டு பேர் கேட்டிருந்தாங்க. வராது. தயிர்ல இருக்கிறது வேற குடும்பம். தயிர் நல்லதுதான், ஆனா இவங்களுக்கு வேண்டியது நார்ச்சத்து: கொண்டைக்கடலை, பயறு, கீரை, வாழைக்காய், ஆறின சோறு. சோறு ஆறும்போது அதோட மாவுச்சத்துல கொஞ்சம் செரிக்காத வடிவத்துக்கு மாறும், அது நேரா கீழ இருக்கிறவங்களுக்குப் போய்ச் சேரும். ஏற்கெனவே உப்புசம் இருக்கிறவங்க இதையெல்லாம் ஒரே நாள்ல கூட்டாதீங்க, புளிக்கும்போது வாயு வரத்தான் செய்யும். வாரக்கணக்குல கொஞ்சம் கொஞ்சமா கூட்டுங்க.

கடைசியா, ரெக்கார்டிங்குக்குக் கொஞ்ச நேரம் முன்னாடி வந்த மெசேஜ். "எனக்கு டாக்டர் நிமோனியாவுக்கு ஆன்டிபயாட்டிக் எழுதிக் கொடுத்திருக்கார், இன்னிக்கு மூணாவது நாள். நீங்க சொல்றதைக் கேட்டா பயமா இருக்கு, நிறுத்திடட்டுமா?" நிறுத்தாதீங்க. நிமோனியா ஆளைக் கொல்லும், அதுக்கு அந்த மருந்து வேணும். டாக்டர் சொன்ன நாள் வரைக்கும் சாப்பிடுங்க. நடுவுலயோ, முடிஞ்ச பிறகு அடுத்த ரெண்டு மூணு மாசத்துக்குள்ளயோ, ஒரு நாளைக்கு மூணு தடவைக்கு மேல தண்ணியா போச்சுன்னா, பேதியை நிறுத்தற மாத்திரையை நீங்களா வாங்கிப் போடாதீங்க. டாக்டர்கிட்ட போய், இந்த மருந்து சாப்பிட்டேன், இந்தத் தேதியில முடிச்சேன்னு சொல்லுங்க. அந்தத் தேதி அவங்களுக்கு ரொம்ப முக்கியம்.